ஆட்டிசம் சோதனை: பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

ஆட்டிசம் என்பது குழந்தைகளுக்கு மட்டுமே உள்ளது என்று பலர் நினைக்கிறார்கள்.

அது தவறு.

ஆட்டிசம் பிறவியிலேயே இருப்பது. குழந்தை வளர்ந்து பெரிய ஆள் ஆனாலும் அதுவும் கூடவே இருக்கும். அது தொற்று நோய் அல்ல. மூளை வேலை செய்யும் விதம் மற்றவர்களைவிட வேறாக இருக்கிறது.

அப்படிப்பட்டவருக்குப் பிறர் சாடையாகப் பேசுவது புரியாமல் போகலாம். கூட்டமும் இரைச்சலும் தாங்க முடியாமல் போகலாம். அன்றாட வழக்கம் சற்று மாறினாலும் மனம் தத்தளிக்கலாம்.

"திமிர் பிடித்தவன்" என்றும், "யாரோடும் ஒட்டாதவள்" என்றும் ஊர் பேசும். 30 வயதில், 50 வயதில்தான் சிலருக்கு, "எனக்கு இருப்பது ஆட்டிசமோ?" என்ற எண்ணமே வருகிறது.

ஏன் இவ்வளவு தாமதம்?

1943–ல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற டாக்டர், 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதன்பின் ஆட்டிசம் என்றாலே குழந்தைகள் நினைவுதான் வந்தது. நன்றாகப் பேசுகிறவர்களும், நன்றாகப் படித்தவர்களும் கண்ணில் படாமல் போனார்கள். பெண்கள் இன்னும் அதிகமாக விடுபட்டார்கள்.

லண்டனில் லோர்னா விங் என்ற பெண் டாக்டர் இருந்தார். அவருடைய மகளுக்கே ஆட்டிசம் இருந்தது. 1981–ல் அவர் எழுதிய கட்டுரை, நன்றாகப் பேசத் தெரிந்தவர்களிடமும் இது உண்டு என்பதை உலகுக்குக் காட்டியது.

2009–ல், ஆட்டிசம் உள்ள பெரியவர்களுக்காகவே இங்கிலாந்தில் ஒரு சட்டம் வந்தது.

நீண்ட வரிசை

இங்கிலாந்தில் அரசாங்க ஆஸ்பத்திரியில் இந்தச் சோதனை இலவசம். குடும்ப டாக்டர் சீட்டு கொடுத்து அனுப்ப வேண்டும். 3 மாதத்துக்குள் சோதனை தொடங்க வேண்டும் என்பது அங்குள்ள மருத்துவ விதி.

ஆனால் வரிசையோ மிக நீளம்! பலர் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

பொறுக்க முடியாதவர்கள் தனியார் டாக்டரிடம் போகிறார்கள். செலவு பல இடங்களில் 1,000 பவுண்டைத் தாண்டுகிறது. நம் பணத்தில் லட்சம் ரூபாய்க்கு மேல்!

இவ்வளவு பணம் கொடுத்து வாங்கும் சான்று உருப்படியானதா? அதைத் தெரிந்துகொள்வது எப்படி?

பத்துக் கேள்வி போதுமா?

10 கேள்விகள் கொண்ட ஒரு சிறிய தாள் இருக்கிறது. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு மதிப்பெண். 6 மதிப்பெண்ணோ அதற்கு மேலோ வந்தால், முழுச் சோதனைக்கு அனுப்பலாம் என்று பொருள்.

அவ்வளவுதான். ஆட்டிசம் உண்டு என்று அந்தத் தாள் தீர்ப்புச் சொல்லாது. அது வாசல்படி, வீடு அல்ல.

இந்தத் தாளை நிரப்பி, சற்று நேரம் டெலிபோனில் பேசிவிட்டுச் சான்று தருவதாக யாராவது சொன்னால், பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்வது நல்லது.

நல்ல சோதனை எப்படி இருக்கும்?

பெரியவர்களுக்கான சோதனை எப்படி நடக்க வேண்டும் என்று இங்கிலாந்தில் 2012–ல் மருத்துவ விதிமுறை வெளியிட்டார்கள். அதன் சாரம் இதுதான்.

பயிற்சி பெற்றவர்கள் குழுவாகச் சேர்ந்து சோதிக்க வேண்டும்.

வந்தவரின் சிறு வயதைப் பற்றி விசாரிக்க வேண்டும். ஆட்டிசம் நடுவயதில் திடீரென்று முளைப்பது அல்ல. ஆகவே சிறு வயதிலும் அதன் அடையாளம் இருந்திருக்கும். முடிந்தால் தாய், தந்தை, உடன்பிறந்தவர், கணவன் அல்லது மனைவியிடம் கேட்க வேண்டும். பழைய பள்ளிக்கூட ரிப்போர்ட்டும் உதவும்.

பெற்றோர் காலமாகிவிட்டார்களா? அதனால் சோதனை நின்றுவிடாது. கிடைக்கும் சாட்சியத்தைக் கொண்டு டாக்டர்கள் முடிவு செய்யலாம்.

வந்தவருடைய பேச்சையும் பழக்கத்தையும் நேரில் கவனிக்க வேண்டும்.

வேறு காரணம் உண்டா என்றும் பார்க்க வேண்டும். மனப் பதற்றம், மனச்சோர்வு, கவனம் சிதறும் தன்மை, சிறு வயதில் பட்ட துன்பம் ஆகியவையும் சிலரை ஆட்டிசம் உள்ளவர் போலவே காட்டும். சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

பெயர்ப் பலகையை நம்பலாமா?

ஒரு விஷயம் பலருக்கும் ஆச்சரியம் தரும்.

வெறும் "சைக்காலஜிஸ்ட்" என்று இங்கிலாந்தில் யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்ளலாம்! சட்டம் தடுப்பது இல்லை.

ஆனால் "கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்" என்று போட்டுக்கொள்ள, எச்.சி.பி.சி. என்ற பதிவு மன்றத்தில் பெயர் இருக்க வேண்டும். டாக்டர் என்றால் ஜி.எம்.சி. பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். இந்த இரண்டு பதிவேடுகளையும் யாரும் காசு இல்லாமல் பார்க்கலாம்.

கேட்க வேண்டியவை

பணம் கட்டும் முன் இந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டும்:

சோதிப்பவர் யார்? அவருடைய பதிவு எண் என்ன?

பெரியவர்களைச் சோதித்த அனுபவம் உண்டா?

எத்தனை பேர் சோதிப்பார்கள்? எவ்வளவு நேரம் ஆகும்?

ரிப்போர்ட்டில் முடிவு மட்டும் இருக்குமா, காரணமும் இருக்குமா?

பிறகு எழும் சந்தேகங்களுக்கு யார் பதில் சொல்வார்கள்? அதற்குத் தனிக் கட்டணமா?

குடும்ப டாக்டரிடமும் ஒன்று கேட்க வேண்டும்: "இந்த ரிப்போர்ட்டை நீங்கள் ஏற்றுக்கொள்வீர்களா?" ஏற்காவிட்டால், அரசாங்க வரிசையில் மறுபடியும் நிற்க நேரிடும்.

இன்னொரு வழியும் உண்டு. இங்கிலாந்தில், அரசாங்கத்துடன் ஒப்பந்தம் உள்ள வேறு நிலையத்தை நோயாளியே தேர்ந்தெடுத்து, அங்கே அனுப்பும்படி குடும்ப டாக்டரிடம் கேட்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை. கைப்பணத்தைச் செலவழிக்கும் முன் இதை விசாரிப்பது புத்திசாலித்தனம்.

வேலை செய்யும் இடத்தில் ஓர் அமைதியான மூலை வேண்டும், உத்தரவுகளை எழுத்தில் தர வேண்டும் என்பது போன்ற உதவிகளைக் கேட்கலாம். 2010–ம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. அன்றாட வாழ்க்கையில் சிரமம் எவ்வளவு என்பதையே சட்டம் பார்க்கிறது. சான்று இருந்தால்தான் கேட்கலாம் என்று இல்லை. ஆகவே அவசரப்பட்டு யாரிடமாவது சான்று வாங்க ஓட வேண்டாம்.

முக்கியமான கேள்வி

எல்லாவற்றையும் விட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு.

"உங்களிடம் வந்தவர்களில் யாருக்காவது ஆட்டிசம் இல்லை என்று சொல்லியிருக்கிறீர்களா?"

"வந்த எல்லோருக்கும் உண்டு" என்று பதில் வந்தால், அங்கே சோதனை நடக்கவில்லை, வியாபாரம் நடக்கிறது. "பேசுகிறீர்களே, வேலைக்குப் போகிறீர்களே, உங்களுக்கு எப்படி இருக்கும்?" என்று விசாரிக்காமலே விரட்டுகிற இடமும் உதவாது.

தவறான சான்றினால் பணம் மட்டும் நஷ்டம் அல்ல. மனச்சோர்வில் வாடும் ஒருவருக்கு அதற்கான வைத்தியம் கிடைக்காமல் போகும். உண்மையிலேயே ஆட்டிசம் உள்ளவரோ, "குற்றம் என்னிடம்தான்" என்று இன்னும் பல ஆண்டுகள் தன்னையே நொந்துகொள்வார்.

"இல்லை" என்று சொல்லத் துணிந்தவர் "ஆம்" என்று சொன்னால், அந்த "ஆம்" என்ற சொல்லுக்கு மதிப்பு உண்டு.