சைக்கிள் சங்கிலி ஏன் அலறுகிறது?

கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கும் நாட்களில், புதுவைக்குத் தென்மேற்கே உள்ள கரியமாணிக்கம் போன்ற கிராமங்களில் விடியற்காலையில் ஒரு சத்தம் கேட்கும். "கிறீச்... கிறீச்!" பால்காரரின் சைக்கிளாக இருக்கலாம், பள்ளிக்கூடம் புறப்பட்ட பெண்ணின் சைக்கிளாகவும் இருக்கலாம். மழையில் நனைந்து சேற்றில் புரண்ட சங்கிலியின் கூக்குரல் அது.

இந்தப் பக்கத்து மழையும் லேசுப்பட்டதல்ல. 2024 நவம்பர் 30-ந் தேதி இரவு 'ஃபெஞ்சல்' புயல் புதுவை அருகே கரை கடந்தபோது, ஒரே நாளில் புதுவையில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. தொடர்ந்து தென்பெண்ணை வெள்ளம் பாகூர் வட்டாரத்தின் தாழ்ந்த ஊர்களில் புகுந்தது. தண்ணீரில் முழுகி எழுந்த சைக்கிளுக்கு மேலோடு எண்ணெய் விட்டால் போதுமா?

போதாது. பலரும் ஏமாறுவது இங்கேதான்.

'ஓவராயில்' படுத்தும் பாடு

'ஓவர்ஹால்' என்ற இங்கிலீஷ் சொல் நம் சைக்கிள் கடைகளில் 'ஓவராயில்' ஆகிவிட்டது. பெயரைக் கேட்டு, நிறைய ஆயில் ஊற்றுவதே வைத்தியம் என்று நினைத்துவிடுகிறார்கள் போலும்! உண்மையில் அது கழற்றித் துடைத்துப் பூட்டுகிற வேலை. அழுக்கின் மேல் எண்ணெய் விட்டால், எண்ணெயும் மணலும் குழைந்து இரும்பை அராவும் பசையாகிவிடும்.

அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 1999-ல் சைக்கிள் சங்கிலிகளைச் சோதித்துப் பார்த்தார்கள். மிதிக்கிற சக்தியில் 98.6 சதவீதம் வரை சக்கரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. விசித்திரம் என்னவென்றால், தூசியில்லாத ஆய்வுக்கூடத்தில் எண்ணெய் போட்ட சங்கிலிக்கும் போடாத சங்கிலிக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை! இடைவெளிகளை அடைத்து அழுக்கு நுழையாமல் காப்பதே எண்ணெயின் முக்கிய வேலை என்று கண்டார்கள். அழுக்கை உள்ளே விட்டுவிட்டு எண்ணெயால் மூடினால், திருடனை வீட்டுக்குள் வைத்துக் கதவைப் பூட்டிய கதைதான்.

வீட்டிலேயே செய்யலாம்

முதலில் செயின் கவரையும், பிறகு சங்கிலியின் 'லாக்'கையும் கழற்ற வேண்டும். மண்ணெண்ணெய் அரிதாகிவிட்ட இக்காலத்தில் கொஞ்சம் டீசல் போதும். அடுப்புப் பக்கம் மட்டும் கொண்டு போகக் கூடாது. சங்கிலியை அதில் ஊறப் போட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்து வெயிலில் காயவைக்க வேண்டும். ஃப்ரீவீலை டீசலில் முக்கக் கூடாது. உள்ளே இருக்கும் எண்ணெயும் கழுவிக்கொண்டு போய்விடும். பற்களைத் துணியால் துடைத்தாலே போதும்.

திரும்பப் பூட்டும்போது, லாக்கின் மூடிய முனை சங்கிலி ஓடும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும். மாறினால் நடுவழியில் கழன்றுவிடக்கூடும்.

பிறகு, கண்ணிக்கு ஒரே ஒரு சொட்டு எண்ணெய். ஓர் இரவு விட்டு, காலையில் வெளியே வழிந்திருப்பதைச் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும். உள்ளே இருப்பதுதான் உதவும். வெளியே இருப்பது தூசியைத்தான் அழைக்கும். புது என்ஜின் ஆயில் நல்லது. வண்டியிலிருந்து வடித்த கழிவு ஆயில் வேண்டாம். அதில் இரும்புத் தூள் கலந்திருக்கும். தேங்காய் எண்ணெயும் உதவாது. சுமார் 24 டிகிரியிலேயே உறைந்துவிடும் அது, மார்கழிக் காலையில் என்ன செய்யும்?

ஓர் அளவுகோல் போதும்

சங்கிலி தேய்ந்துவிட்டதா என்று பார்க்க, பள்ளிப் பிள்ளையின் ஸ்கேலே போதும். ஓர் ஆணியின் நடுவிலிருந்து எண்ணி, 24-வது ஆணியின் நடுவரை புதுச் சங்கிலியில் சரியாக 12 அங்குலம் இருக்கும். 12⅛ அங்குலம் வந்துவிட்டால் துடைத்துப் பிரயோஜனமில்லை. எழுந்து நின்று அழுத்தி மிதிக்கும்போது சங்கிலி நழுவினால் ஆளைக் கீழே தள்ளிவிடும். அரசு தந்த சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் வீட்டில் இந்தச் சோதனையை இப்போதே செய்துவிடலாம். தள்ளிப்போட்டால், தேய்ந்த சங்கிலி பல்சக்கரத்தையும் சேர்த்துத் தேய்த்துவிடும். பிறகு இரண்டுக்குமே காசு எடுத்து வைக்க வேண்டியதுதான்.