ரெக்ளைனரைத் தூக்கிப் போடறதுக்கு முன்னாடி கவிழ்த்துப் பாருங்க

நம்ம வீடுகள்ல ரெக்ளைனர் பெரும்பாலும் யாருக்காக வாங்குறோம்? முட்டி ஆபரேஷன் பண்ணின அம்மாவுக்கு, நேரா படுத்தா மூச்சு வாங்குற தாத்தாவுக்கு. ராத்திரி தூக்கமே அவங்களுக்கு அதுலதான். அது பாதியில சாய்ஞ்சபடி நின்னுபோச்சுன்னா வீடே தவிச்சுப் போகும். ரிப்பேர் பார்க்க வர்றவர் "மெக்கானிசமே போச்சு, புதுசு வாங்கிடுங்க"ன்னு சொல்லிட்டுப் போறதும் நடக்குது. ஆனா மெக்கானிசம் மொத்தமா போறது அபூர்வம். போறது ஒரு ஸ்பிரிங், ஒரு கேபிள், இல்லைன்னா ஒரு அடாப்டர். எது போச்சுன்னு நீங்களே கண்டுபிடிக்க முடியும்.

உள்ளே இருக்கிறது பழைய, எளிமையான ஏற்பாடுதான். 1928-ல அமெரிக்காவுல, மிச்சிகன் மாநிலத்து மன்ரோ ஊர்ல, எட்வர்ட் நாபுஷ், எட்வின் ஷூமேக்கர்னு ரெண்டு உறவுக்காரங்க மரச்சட்டத்துல ஒரு சாய்வு நாற்காலி செஞ்சாங்க. லேஸி பாய் கம்பெனி அதுலேர்ந்துதான் வளர்ந்தது. இன்னைக்கு மரத்துக்குப் பதிலா இரும்புப் பட்டை. அந்தப் பட்டைகள் ரிவெட்டுல திரும்புது, அவ்வளவுதான் உள்ளே நடக்குது. பயப்பட ஒன்னுமில்லை.

மோட்டார் வச்சதா இருந்தா முதல்ல பிளக்கைப் பிடுங்கிடுங்க. அப்புறம் முதுகைக் கழட்டணும். ஆமா, பெரும்பாலான மாடல்ல முதுகு தனியா வரும்! பின்னாடி தொங்குற துணி வெல்க்ரோவுல ஒட்டியிருக்கும், அதைத் தூக்குங்க. உள்ளே ரெண்டு ஓரத்துலயும் சின்னதா ஒரு இரும்பு லாக் தெரியுதா? ஸ்க்ரூ டிரைவர் முனையால அதை மேலே நெம்பி விடுங்க. ரெண்டும் விட்டதும் முதுகை நேரா மேல் நோக்கி இழுத்தா வந்துடும். அதுக்குள்ளேர்ந்து வயர் ஏதாவது போச்சுன்னா முதல்ல அதைக் கழட்டுங்க. இப்போ ஒரு பாயை விரிச்சு, சேரை முன்பக்கமா மெதுவா கவிழ்த்துங்க. வேற ஒரு ஆள் கூட இருக்கட்டும்.

கிட்ட வந்து பாருங்க. இந்த ரெண்டு சுருள் ஸ்பிரிங்தான் கால்பலகையை மூடின நிலையில இழுத்துப் பிடிக்குது. இதோட கொக்கி மாட்டியிருக்கிற ஓட்டையைக் கவனிங்க. வட்டமா இருந்த ஓட்டை தேய்ஞ்சு நீளமாகியிருக்கு, கொக்கியோட உள்பக்கமும் பளபளன்னு மெலிஞ்சு போயிருக்கு. கால்பலகை முழுசா மூடாம தொங்குதுன்னாலோ ஒரு பக்கம் கோணுதுன்னாலோ முதல்ல இங்கதான் பார்க்கணும். ஒன்னு போயிருந்தாலும் ரெண்டையும் சேர்த்தே மாத்துங்க. புதுசும் பழசும் ஒரே மாதிரி இழுக்காது.

ஸ்பிரிங்கைக் கழட்டுறதுலதான் ஆபத்து இருக்கு, அவசரப்படாதீங்க. கால்பலகையை நீட்டியும் மடக்கியும் பாருங்க. எந்த நிலையில சுருள்கள் ஒன்னோட ஒன்னு ஒட்டி நிக்குதோ, அப்போ இழுவிசை குறைவு, அப்பதான் கழட்டணும். பட்டைகள் கத்தரி மாதிரி மூடிக்கும். அதனால நடுவுல ஒரு மரக்கட்டையைக் கொடுத்துட்டுத்தான் கையை விடணும். கண்ணுக்குக் கண்ணாடி போடுங்க. புது ஸ்பிரிங்கை மாட்ட, கொக்கியில கெட்டியான நைலான் கயிறைக் கோத்து இழுங்க. குறடு வழுக்கினா நேரா முகத்துக்குத்தான் வரும்.

கைப்பிடியை இழுத்தா தொளதொளன்னு வருது, எதுவும் நடக்கலைன்னா கேபிள் அறுந்திருக்கும், இல்லை முனை கழன்றிருக்கும். புதுசு வாங்கும்போது ரெண்டு அளவு எடுத்துட்டுப் போங்க: மொத்த நீளம், உறையை விட்டு வெளியே தெரியுற கம்பியோட நீளம். ரெண்டாவதைப் பலரும் விட்டுடறாங்க, அப்புறம் கேபிள் பொருந்தாது.

மோட்டார் சேர்ல வரிசையா போகணும். அடாப்டர்ல லைட் எரியுதா? பல மாடல்ல அது 29 வோல்ட், 2 ஆம்பியர். புதுசு வாங்கினா லேபிள்ல உள்ள வோல்ட் அதேதான் இருக்கணும், ஆம்பியர் குறையக்கூடாது. லைட் எரிஞ்சும் ஓடலைன்னா சேருக்கு அடியில கனெக்டரைப் பாருங்க. சேரை நகர்த்தும்போது வயர் மாட்டி இழுபடும், எலியும் கடிச்சிருக்கலாம். காலுக்கு ஒன்னு, முதுகுக்கு ஒன்னுன்னு ரெண்டு மோட்டார் இருந்து, கனெக்டர் ஒரே மாதிரி இருந்தா, ரெண்டையும் மாத்தி மாட்டி ரிமோட்டை ஒரு நொடி மட்டும் அழுத்துங்க. ஓடாத மோட்டார் இப்போ ஓடினா மோட்டார் நல்லாயிருக்கு, கோளாறு ரிமோட்டுலயோ வயர்லயோ. ஒரு மோட்டாருக்கான காசு மிச்சம். அடாப்டரை மட்டும் பிரிக்காதீங்க.

கரண்ட் போனா சேரை நிமிர்த்த சில மாடல்ல ரெண்டு 9 வோல்ட் பேட்டரி போட இடம் இருக்கும். வயசானவங்க தனியா இருக்கிற வீட்ல அதை அவசியம் போட்டு வைங்க. பழைய பேட்டரி கசியும், அப்பப்போ திறந்து பாருங்க.

கீச் கீச்னு சத்தம் வந்தா நம்ம கை உடனே தேங்காய் எண்ணெய்க்குப் போகும். வேண்டாம். அது தூசியைப் பிடிச்சுப் பிசுபிசுத்துப் போய் இன்னும் இறுகும். ரிவெட்டைத் துணியால துடைச்சிட்டு சிலிகான் ஸ்பிரே கொஞ்சமா அடிங்க, பின்னாடி ஒரு அட்டையைப் பிடிச்சா துணியில படாது. நட்டு லூசா இருந்தா முறுக்குங்க, ஆனா திரும்புற இடத்துல இருக்கிற நட்டை இறுக்கிட்டுக் கொஞ்சம் தளர்த்தி விடணும், இல்லைன்னா பட்டை அசையாது. பிளைவுட்ல ஸ்க்ரூ ஓட்டை பெரிசாயிட்டா, தீக்குச்சியில மரப்பசை தடவி அடைச்சு, மறுநாள் முறுக்குங்க.

ரெக்சின் உரியுறதுக்கு மட்டும் வீட்டு வைத்தியம் கிடையாது. இப்படி உரியுற செயற்கைத் தோலோட மேல்பூச்சு பெரும்பாலும் பாலியூரித்தேன். ஈரக்காத்துலயும் வியர்வையிலயும் அது சிதையும். கடலோர ஊர்கள்ல சீக்கிரமே உரியும். தலை சாயுற இடத்துல தலை எண்ணெயும் சேர்ந்துக்கும், அங்க ஒரு துண்டைப் போட்டு வைங்க. உரிய ஆரம்பிச்சிட்டா குஷன் கடையில கொடுத்து உறையை மாத்தறதுதான் வழி.

நீட்டின கால்பலகை மேல யாரும் உக்காரக்கூடாது, குழந்தைகளும்தான். பட்டை வளையுறது பெரும்பாலும் அதனாலதான். மூடுறதுக்கு முன்னாடி குனிஞ்சு அடியில குழந்தையோ பூனையோ இல்லைன்னு பார்த்துக்கோங்க. அந்த இடுக்கு ரொம்ப ஆபத்தானது.

பட்டை வளைஞ்சிருந்தாலோ வெல்டிங் விட்டிருந்தாலோ சுத்தியலை எடுக்காதீங்க. அந்தப் பக்கத்து மெக்கானிசத்தை மாத்தணும். முதுகைக் கழட்டின இடத்துலயோ சீட்டுக்கு அடியிலயோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதுல உள்ள நம்பரையும் போன பாகத்தையும், பக்கத்துல ஒரு ஸ்கேலை வச்சுப் படம் எடுத்துக்குங்க. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில அதைக் காட்டினா போதும்.