பக்கவாதத்திற்குப் பிந்தைய புதிய அறிகுறிகள்

மூளைக்குச் செல்லும் குருதிக்குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ பக்கவாதம் ஏற்படுகிறது. ஒருமுறை பாதிக்கப்பட்டவருக்கு அது மீண்டும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். முதியவரிடம் வாய்க்கோணல், பேச்சுக் குழறல், ஒரு பக்க வலுக்குறைவு ஆகியவை ஏற்கெனவே இருந்தால், புதிய பாதிப்பையும் "பழையதுதான்" என்று வீட்டார் விட்டுவிடக்கூடும்.

அடையாளம் காணுதல்

முதியவரின் இன்றைய நிலையை அவருடைய நேற்றைய நிலையோடு ஒப்பிட வேண்டும். நேற்றுவரை டம்ளரைப் பிடித்த கை இன்று நழுவவிடுவது, பேச்சு திடீரெனக் கூடுதலாகக் குழறுவது, பார்வை மங்குவது, நடை தள்ளாடுவது, கடுந்தலைவலி ஆகியவை அவசர அறிகுறிகள். சில நிமிடங்களில் தானே சரியாகிவிட்டாலும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அது அடுத்த பக்கவாதத்தின் முன்னறிவிப்பாக இருக்கலாம்.

பிற காரணங்கள்

சிறுநீர்த்தொற்று, நிமோனியா, சர்க்கரை அல்லது சோடியம் குறைவு ஆகியவற்றாலும் பழைய வலுக்குறைவு தற்காலிகமாகத் திரும்பலாம். பக்கவாதத்திற்குப் பின் சிலருக்கு வலிப்பு வருவதுண்டு. குருதி உறையாமைக்கு மருந்து உண்பவர் கீழே விழுந்தால், மண்டையோட்டினுள் மெதுவாகக் குருதி கசிந்து, சில நாட்களோ வாரங்களோ கழித்து மந்தமும் குழப்பமும் தோன்றலாம். இவற்றை வீட்டில் பிரித்தறிய முடியாது.

உடனே செய்ய வேண்டியவை

அடைப்பைக் கரைக்கும் ஊசி பொதுவாக நான்கரை மணி நேரத்திற்குள் போடப்படுகிறது. அந்த நேரம் முதியவர் கடைசியாக நலமாகக் காணப்பட்ட பொழுதிலிருந்து கணக்கிடப்படும். அதைக் குறித்துக்கொள்வது அவசியம். தூங்கி எழும்போது பாதிப்பு தெரிந்தால், தூங்கச் சென்ற நேரத்தைச் சொல்ல வேண்டும். வாய்வழியாக உணவோ நீரோ ஆஸ்பிரினோ கொடுக்கக் கூடாது. வழக்கமான மருந்துச்சீட்டுகளை உடன் எடுத்துச் செல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் 2008 முதல் இயங்கும் 108 ஆம்புலன்சை அழைக்கும்போது, "பக்கவாதம் வந்தவர், இப்போது புதிய அறிகுறி" என்று தெளிவாகக் கூற வேண்டும். தாம்பரம், குரோம்பேட்டை, வண்டலூர் பகுதிகளில் ஜி.எஸ்.டி. சாலை நெரிசலே பல நிமிடங்களை விழுங்கிவிடும். தெருமுனை கிளினிக்கில் காட்டிவிட்டுப் போகலாம் என்பது மேலும் தாமதம். இரவிலும் சி.டி. ஸ்கேன் எடுத்து ஊசி போடும் வசதியுள்ள மருத்துவமனை எது என்பதை, நலமாக இருக்கும் நாளிலேயே மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்லது.