வேக தேவனுக்குக் காணிக்கைகள்

‘உலகத்தின் மிக வேகமான இந்தியன்’ என்ற பொருள்படும் பெயருடன் 2005-ம் வருஷத்தில் ஓர் ஆங்கில சினிமாப் படம் வெளிவந்தது. பெயரைக் கேட்டதும், நம்மவர் யாரோ ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்துவிட்டார் என்று நேயர்கள் மார்தட்டிக்கொள்ள வேண்டாம். இங்கே ‘இந்தியன்’ என்பது மனிதன் அல்ல. ஒரு மோட்டார் சைக்கிள். அமெரிக்காவில், மாஸசூஸெட்ஸ் மாகாணத்து ஸ்பிரிங்பீல்டு நகரில் செய்யப்பட்டது. அந்நாட்டின் ஆதிக்குடிகளை நினைத்துச் சூட்டப்பட்ட பெயர் அது. ஓட்டியவரோ நியூஜிலாந்துக்காரர்.

பர்ட் மன்ரோ என்பது அவர் பெயர். 1899-ல் பிறந்தவர். நியூஜிலாந்தின் தெற்குக் கோடியிலுள்ள இன்வர்கார்கில் அவருடைய ஊர். 1920-ல் ‘இந்தியன் ஸ்கௌட்’ வண்டி ஒன்றைப் புதிதாக வாங்கினார். தொழிற்சாலையிலிருந்து வந்தபோது அதன் உச்ச வேகம் மணிக்குச் சுமார் 55 மைல். 1967-ல் அதே வண்டி மணிக்கு 184 மைல் வேகத்தில் ஓடியது. இவ்விரண்டு எண்களுக்கும் நடுவில் 47 வருஷங்களும், ஒரு சிறிய கொட்டகையும் இருக்கின்றன.

மன்ரோவிடம் பெரும் பணம் இல்லை. மோட்டார் சைக்கிள் விற்பனையாளராக வேலை பார்த்தார். இரவெல்லாம் கொட்டகையில் உழைத்துவிட்டு, தூங்காமலே காலையில் வேலைக்குப் போன நாட்கள் பல. தமக்கு வேண்டிய உறுப்புகள் கடையில் கிடைக்கமாட்டா என்று கண்டதும், அவற்றைத் தாமே செய்யத் தொடங்கினார்.

யந்திரத்தில் ஓர் உறுப்பை மாற்றுவது, குடும்பத்தில் ஒரு கல்யாணம் செய்வதைப் போன்றது. ஒரு செலவு பத்துச் செலவை இழுத்து வரும். அதிக சக்தி வேண்டுமானால் சிலிண்டர் பெரிதாக வேண்டும். சிலிண்டர் பெருத்தால் பிஸ்டனும் பெருக்க வேண்டும். பிஸ்டன் கனத்தால், அதைத் தாங்கி ஆட்டும் கனெக்டிங் ராடு வலுப்பெற வேண்டும். இப்படியே சுழல் சக்கரம், கிளச்சு, சங்கிலி என்று ஒவ்வொன்றாக மாற்ற நேர்ந்தது. சிலிண்டரின் பக்கவாட்டில் இருந்த வால்வுகளையும் தலைப்பக்கத்துக்குக் கொண்டுபோனார். தொடக்கத்தில் 600 சி.சி. அளவாக இருந்த யந்திரம் முடிவில் 950 சி.சி. ஆயிற்று.

பிஸ்டன் வார்ப்பதற்கு அவர் பயன்படுத்திய அச்சுகள் பழைய தகர டப்பாக்கள். உலோகத்தை உருக்கி, டப்பாவில் ஊற்றி, ஆறவைத்து, கடைந்து எடுப்பார். சொல்வதற்கு எளிது. ஆனால் வார்ப்பினுள்ளே ஒரு சிறு காற்றுக் குமிழி தங்கினாலும் கண்ணுக்குத் தெரியாது. யந்திரம் சூடேறி ஓடும்போதுதான் அது தன் இருப்பைக் காட்டும். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் உள்ள இடைவெளி குறைந்தால், சூட்டில் விரிந்த பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொள்ளும். மிகுந்தால் சக்தி கசிந்து போகும். இந்த நுண்ணிய அளவுகளைப் பார்ப்பதற்குச் சக்கரத்தின் பழைய கம்பி ஒன்றைக் கொண்டே மைக்ரோமீட்டர் செய்துகொண்டார் என்றால், அம்மனிதரின் பொறுமையை என்னவென்பது!

கனெக்டிங் ராடுகளைப் பழைய டிராக்டர் அச்சு ஒன்றிலிருந்து வெட்டி, அரத்தால் ராவி உருவாக்கினார். பிஸ்டன் ஒவ்வொரு சுற்றிலும் மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை நின்று திரும்புகிறது. அந்த இழுப்பையும் அழுத்தத்தையும், நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை, அந்தத் தண்டுதான் தாங்குகிறது. அது முறிந்தால் யந்திரமே சிதறும். ஓட்டுகிறவர் அதன்மேல்தான் படுத்திருக்கிறார்! ஆகையால், அரத்தால் ராவும்போது கை காட்டும் சோம்பல், பிறகு உயிரைக் கேட்கும்.

சிதறாமலும் இல்லை. பிஸ்டன்கள் பல உடைந்தன, தண்டுகள் முறிந்தன. இங்கேதான் மன்ரோவின் செய்கை நம்மை யோசிக்க வைக்கிறது. உடைந்த உறுப்புகளை அவர் குப்பையில் எறியவில்லை. கொட்டகையில் ஒரு அலமாரியில் வரிசையாக அடுக்கி, ‘வேக தேவனுக்குக் காணிக்கைகள்’ என்று எழுதி வைத்தார். எது எங்கே முறிந்தது என்பது அங்கே கண்ணெதிரே இருந்தது. அடுத்ததைச் செய்கிறவனுக்கு அதைவிட நல்ல பாடப் புத்தகம் வேறு என்ன வேண்டும்?

அமெரிக்காவில் யூட்டா மாகாணத்தில் பானவில் என்ற பரந்த உப்பு வெளி இருக்கிறது. வேகச் சாதனைகளுக்குப் பெயர்போன இடம். காற்றின் உதவியை நீக்குவதற்காக, வண்டியை எதிரெதிர்த் திசைகளில் இரு முறை ஓட்டிச் சராசரி காண்பார்கள். அங்கே 1962-ல் மன்ரோ 178.95 மைல் வேகம் காட்டி முதல் சாதனையை நிலைநாட்டினார். 1967 ஆகஸ்டில், 68-வது வயதில், 1,000 சி.சி.க்கு உட்பட்ட பிரிவில் மீண்டும் சாதனை புரிந்தார். அன்று பதிவான கணக்கில் ஒரு பிழை இருந்தது. 2014-ல், அவர் காலமாகி 36 வருஷங்களுக்குப் பிறகு, அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கம் அதைத் திருத்தி 184.087 மைல் என்று பதிந்தது.

வேகத்தில் பைத்தியம் கொள்ளும்படி நாம் யாருக்கும் உபதேசிக்கவில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் நாம் தினமும் காண்பது என்ன? தப்பான கணக்கைப் பிள்ளைகள் அழித்துவிடுகிறார்கள். அல்லது தாளையே கிழித்து எறிகிறார்கள். பெற்றோர்களும் மார்க்கைப் பார்க்கிறார்களே தவிர, எந்த வரியில் தவறியது என்று கேட்பதில்லை. பையன் சுத்தியலும் அரமும் எடுத்தாலோ, படிப்புக் கெட்டது என்று பிடுங்கி வைக்கிறோம். அடுத்த முறை அவன் செய்த பொம்மை வண்டி உடைந்து போனால், அதைக் குப்பையில் போடச் சொல்லாதீர்கள். வீட்டு அலமாரியில் அதற்கு ஓர் இடம் கொடுங்கள். எங்கே முறிந்தது என்று அவனே ஒரு நாள் எடுத்துப் பார்ப்பான்.