ஓட்டம் நின்ற பிறகு சாந்தி படித்த படிப்பு

விழுப்புரம் பெருந்திட்ட வளாக மைதானத்தில் தடகளப் போட்டி என்றால் திண்டிவனம் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளும் வந்து இறங்குவார்கள். ஜெயித்தால் மண்டலம், மாநிலம். அதையும் தாண்டினால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வே அல்லது போலீஸ் வேலை. பெற்றோர் போடும் கணக்கு இதுதான். ஓட்டம் பாதியில் நின்றுபோனால் அடுத்து என்ன என்று பிள்ளைகளிடம் பேசுவார் இல்லை.

ஓட்டப்பந்தய வீராங்கனை சாந்தி சௌந்தரராஜனுக்கு ஓட்டம் 25 வயதில் நின்றது.

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளர் குடும்பத்தின் மூத்த மகள் சாந்தி. தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்வதும் அவர் பொறுப்பு. ஓடக் கற்றுக்கொடுத்தவர் தாத்தா. வீட்டுக்கு வெளியே இருந்த மண் தரைதான் மைதானம். முதல் ஷூவும் அவர் வாங்கித் தந்ததே. எட்டாம் வகுப்பில் முதல் கோப்பை கிடைத்தது. அதன் பிறகு பள்ளிப் பயிற்சியாளர் ஒருவரின் கண்ணில் பட்டார். புதுக்கோட்டையில் கல்லூரி, பிறகு சென்னை, பிறகு இந்திய அணி.

2006 டிசம்பர், தோஹா ஆசிய விளையாட்டு. 800 மீட்டரில் 2 நிமிடம் 3.16 விநாடி. கஜகஸ்தான் வீராங்கனையை 0.03 விநாடியில் முந்தி வெள்ளி வென்றார். சில நாட்களிலேயே பாலினப் பரிசோதனையைக் காரணம் காட்டிப் பதக்கத்தைப் பறித்தார்கள். அவர் ஊக்கமருந்து சாப்பிடவில்லை, யாரையும் ஏமாற்றவுமில்லை. பிறந்த உடம்போடு ஓடினார், அவ்வளவுதான். 2009இல் இதே 800 மீட்டரில் உலகச் சாம்பியனான காஸ்டர் செமென்யாவுக்கும் இதே சோதனை வந்தது. தென்னாப்பிரிக்கா அவர் பக்கம் நின்றது. பதக்கம் அவரிடமே இருந்தது. சாந்திக்காக டெல்லியில் அப்படி யாரும் எழுந்து நிற்கவில்லை.

தமிழ்நாடு கொஞ்சம் நின்றது. பதக்கம் போன பிறகும் அன்றைய முதல்வர் கருணாநிதி 15 லட்சம் ரூபாய் பரிசு கொடுத்தார். புதுக்கோட்டையில் ஒப்பந்தப் பயிற்சியாளர் வேலையும் கிடைத்தது. ஆனால் ஒப்பந்தச் சம்பளத்தில் குடும்பம் நடக்கவில்லை. 2012இல் பெற்றோர் உழைத்த அதே செங்கல் சூளைக்கு அவரும் கூலிக்குப் போனார். அந்தச் செய்தி நாடெங்கும் வந்த பிறகுதான் அதிகாரிகள் அசைந்தார்கள்.

பெங்களூரில் இந்திய விளையாட்டு ஆணையத்தின் பயிற்சியாளர் டிப்ளமோவில் இடம் கிடைத்தது. நாட்டுக்காக ஓடியவர் மறுபடியும் மாணவியானார். பயிற்சியைத் திட்டமிடுவது, உடலியங்கியல் என்று உட்கார்ந்து படித்துத் தேறினார். 2016இல் தமிழக அரசின் நிரந்தரப் பயிற்சியாளர் பணி வந்தது. தோஹாவுக்கும் அந்தப் பணி நியமனத்துக்கும் இடையில் 10 வருடம். அத்தனை வருடத்தில் அவருக்குப் பிடிமானமாக அமைந்தது அந்த டிப்ளமோதான் என்று சொல்வேன். பரிசுப் பணம் கரைந்துவிடும். தகுதிச் சான்றிதழைக் காட்டித்தான் வேலை கேட்க முடியும்.

அந்தப் படிப்புக்குப் போக இன்னொருவர் சூளைக்குப் போய்ச் செய்தியாக வேண்டியதில்லை. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. ஓடிக்கொண்டே பட்டம் வாங்கலாம். பட்டத்துக்குப் பிறகு உடற்கல்விப் பட்டமான பி.பி.எட். படிக்கலாம். திண்டிவனத்திலிருந்து சென்னை போகும் வழியில், வண்டலூரில் திரும்பினால் மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம். பயிற்சியாளர் டிப்ளமோவுக்குப் பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனம் 1961 முதல் இருக்கிறது. மாவட்டப் போட்டியில் சான்றிதழ் கொடுக்கும் மேடையிலேயே, ஜெயித்தவர்களுக்கும் தோற்றவர்களுக்கும் சேர்த்து, இந்த விவரங்களை மைக்கில் சொல்லலாம். ஐந்து நிமிடம் போதும்.