முழங்கால் வலியோடு நெடுநடையா? தம்பதியர் இருவரும் அறிய வேண்டியவை



கார்த்திகை பிறந்ததும் பல வீடுகளில் கேட்கிற பேச்சு இது.

"ஏங்க, பழனிக்கு நடந்து வர்றேன்னு போன வருஷமே நேர்ந்துக்கிட்டேன். இந்தத் தைப்பூசத்துக்குப் போயே ஆகணும்."

"வரப்புல வழுக்கி விழுந்த கால் இன்னும் சரியாகலையே! மாடிப்படி ஏறவே 'அம்மா'ங்கிற. அவ்வளவு தூரம் எப்படி நடப்ப?"

"நடக்க நடக்கச் சரியாயிடும். நீங்க சும்மா இருங்க."

இந்த இருவரில் யார் சொல்வது சரி? இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. வலிக்கும் முழங்காலோடு யாருமே நடக்கக் கூடாது என்பதில்லை. நடந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் இல்லை. எந்த வலியோடு நடக்கலாம், எந்த வலியோடு நடக்கவே கூடாது, நடப்பதென்றால் எப்படித் தயாராவது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறோம். இருவரும் சேர்ந்து படியுங்கள். படிக்கத் தெரியாதவர் வீட்டில் இருந்தால் வாசித்துக் காட்டுங்கள்.

தூரம் எவ்வளவு, சுமை எவ்வளவு?

மாரத்தான் ஓட்டம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதன் தூரம் 42.195 கிலோமீட்டர். திண்டுக்கல்லிலிருந்து பழனி சுமார் 60 கிலோமீட்டர். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கமிருந்து புறப்படுகிறவர்கள் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலாக நடக்கிறார்கள். மாரத்தான் ஓடுகிறவர் பல மாதம் பழகிவிட்டுத்தான் ஓடுகிறார். நாமோ மாலை போட்ட கையோடு புறப்பட்டு விடுகிறோம்!

ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1,300 அடி எடுத்து வைக்கிறோம். ஒரு நாளில் 30 கிலோமீட்டர் நடந்தால் சுமார் 40,000 அடி. அப்படியென்றால் ஒவ்வொரு முழங்காலும் 20,000 தடவை உடம்பைத் தாங்க வேண்டும். சமதரையில் நடக்கும்போதே முழங்காலில் விழும் சுமை உடல் எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு. 60 கிலோ எடையுள்ள ஒருவரின் முழங்கால் ஒவ்வோர் அடியிலும் 120 முதல் 180 கிலோ வரை தாங்குகிறது. படி ஏறி இறங்கும்போதும் ஓடும்போதும் இது இன்னும் கூடும். தலையில் பால்குடம், தோளில் காவடி, கையில் துணிப்பை எல்லாமே கடைசியில் முழங்காலுக்குத்தான் போய்ச் சேருகின்றன.

முழங்கால் எப்படி அமைந்திருக்கிறது?

தொடை எலும்பும் கால் எலும்பும் சந்திக்கும் இடம் முழங்கால். முன்னால் மூடிபோல் இருப்பது முழங்கால் சிரட்டை. எலும்பு முனைகளில் வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. இரு எலும்புகளுக்கும் நடுவே பிறை வடிவில் இரண்டு மெத்தைகள் உள்ளன. வண்டி அச்சுக்கு மசகு போடுவதுபோல், மூட்டுக்குள் ஒரு திரவம் சுரந்து உராய்வைக் குறைக்கிறது. நாற்புறமும் தசைநார்கள் கட்டிப் பிடித்திருக்கின்றன.

ஆனால் முழங்காலின் உண்மையான காவலாளி தொடைத் தசைதான். தொடைக்கும் இடுப்புக்கும் வலு இருந்தால் முழங்காலுக்குப் பாரம் குறையும். வலி வந்ததும் மாதக்கணக்கில் காலை அசைக்காமல் வைத்தால் தொடை சூம்பிப் போகும். பாரம் முழுவதும் மூட்டின் மேல் விழும். வலி மேலும் கூடும்.

எந்த வலி, எப்படிப்பட்ட வலி?

சிரட்டையைச் சுற்றி வலி. படி இறங்கும்போதும் குத்துக்காலிட்டு உட்காரும்போதும் கூடும். இது பெரும்பாலும் தசை வலு குறைவதாலும் திடீரென்று அதிகம் நடப்பதாலும் ஓடுவதாலும் வருவது. பயிற்சியால் குணமாகும்.

முழங்காலின் வெளிப்பக்கத்தில் வலி. சிறிது தூரம் சென்றபின் ஆரம்பித்துப் போகப் போகக் கூடும். நெடுந்தூரம் ஓடுகிறவர்களுக்கும் நடக்கிறவர்களுக்கும் வருவது. தூரத்தைக் குறைத்து, இடுப்புத் தசையை வலுப்படுத்தினால் அடங்கும்.

காலையில் எழுந்ததும் சிறிது நேரம் விறைப்பு. நடக்க நடக்கத் தளரும். வயது ஐம்பதை நெருங்கும் அல்லது தாண்டும். இது மூட்டுத் தேய்மானமாக இருக்கலாம். பெண்களிடம் இது அதிகம். அளவான நடை இதற்கு எதிரியல்ல, மருந்துதான்.

வழுக்கி விழுந்தோ கால் முறுக்கியோ வந்த வலி, வீக்கமும் இருக்கிறது. உள்ளே மெத்தையோ தசைநாரோ கிழிந்திருக்கலாம். இதை டாக்டரிடம் காட்டாமல் யாத்திரைக்குப் பெயர் கொடுக்காதீர்கள்.

உடனே டாக்டரிடம் போக வேண்டிய அறிகுறிகள்

1. அடிபட்ட சில மணி நேரத்தில் முழங்கால் பெரிதாக வீங்குவது.
2. காலை ஊன்றி நாலு அடிகூட வைக்க முடியாமை.
3. முழங்கால் மடங்கியபடி பூட்டிக்கொள்வது, நீட்ட வராமை.
4. நடக்கும்போது கால் திடீரென்று பிசகி விட்டுவிடுவது.
5. முழங்கால் சிவந்து சூடாகி, காய்ச்சலும் அடிப்பது.
6. கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலிப்பது. அத்துடன் மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ இருந்தால் தாமதியாமல் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.

இவற்றில் ஒன்று இருந்தாலும் "நடந்தா சரியாயிடும்" என்ற பேச்சே வேண்டாம்.

வீட்டிலேயே செய்யும் நான்கு பயிற்சிகள்

மேலே சொன்ன அறிகுறி எதுவும் இல்லாதவர்கள் இவற்றை வாரத்தில் மூன்று, நான்கு நாள் செய்யலாம். ஒவ்வொன்றும் பத்துத் தடவை. முடிந்தால் சற்று ஓய்வெடுத்து இன்னொரு பத்து.

ஒன்று: பாயில் கால் நீட்டி உட்காருங்கள். முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வையுங்கள். அதைக் கீழே அழுத்தி ஐந்து எண்ணும்வரை பிடித்து விடுங்கள்.

இரண்டு: மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கி, மற்றக் காலை நேராக ஒரு முழ உயரம் தூக்கி, மெல்ல இறக்குங்கள்.

மூன்று: ஒருக்களித்துப் படுத்து, மேல்காலை நேராக மேலே தூக்கி இறக்குங்கள். இது இடுப்புக்கு வலு.

நான்கு: நாற்காலியிலோ உயரமான திண்ணையிலோ உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழுந்து, மெல்ல உட்காருங்கள்.

கணவன்மார்களே, வேலை முடிந்து வந்ததும் நீங்களும் கூடச் சேர்ந்து செய்யுங்கள். தனியாகச் செய்தால் நாலு நாளில் நின்றுவிடும்.

நடைப் பழக்கம்

தைப்பூசத்துக்கு நடப்பதானால் ஐப்பசியிலேயே தொடங்க வேண்டும். முதலில் வலி கூடாமல் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறதோ அதுதான் உங்கள் தொடக்கம். அது 2 கிலோமீட்டரே ஆனாலும் வெட்கமில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் நடங்கள். வாரத்தில் ஒரு நாள் மட்டும் கொஞ்சம் நீண்ட நடை. அந்த நீண்ட நடையை வாரத்துக்கு 1 அல்லது 2 கிலோமீட்டர் வீதம் கூட்டிக்கொண்டே போங்கள். நான்காவது வாரம் குறைத்து, காலுக்கு ஓய்வு கொடுங்கள். புறப்படுவதற்கு முந்தின வாரம் நீண்ட நடை வேண்டாம்.

நாற்று நட்ட நாள், களை எடுத்த நாள், அறுப்புக்குப் போன நாள் இவையும் முழங்காலுக்கு உழைப்பு நாட்களே. அன்று நடைப் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

வலிக்குப் பத்துக்கு மார்க் போடுங்கள். மூன்று வரை இருந்தால் நடக்கலாம். நான்கு, ஐந்து என்றால் வேகத்தையும் தூரத்தையும் குறையுங்கள். ஐந்துக்கு மேல் என்றால் அன்றைக்கு நிறுத்துங்கள். மறுநாள் காலையில் இன்னொரு சோதனை உண்டு. எழுந்து குழாயடிவரை போகும்போது வலி முந்தின நாள் அளவுக்குத் திரும்பியிருந்தால் சரி. கூடியிருந்தாலோ வீங்கியிருந்தாலோ, நேற்று நடந்தது அதிகம் என்று பொருள்.

மாரத்தான் ஓட விரும்பும் இளைஞர்களுக்கும் இதே கணக்குத்தான். நடையில் வலி இல்லாத பிறகு, ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றித் தொடங்க வேண்டும். முழங்கால் வீங்கியிருக்கும்போது ஓடுவது கூடவே கூடாது.

உடல் எடை அதிகமுள்ளவர்களுக்கு ஒரு செய்தி. மூட்டுத் தேய்மானமும் அதிக எடையும் உள்ளவர்களிடம் நடத்தி, 2005-ல் வெளியான ஓர் ஆய்வில், எடையில் 1 கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் சுமையில் 4 கிலோ குறைவதாகக் கண்டார்கள். கொஞ்சம் குறைந்தாலும் லாபம் பெரிது.

வழியில் கவனிக்க வேண்டியவை

விடியற்காலையிலும் மாலையிலும் நடந்து, உச்சி வெயிலில் ஓய்வெடுங்கள். இருட்டில் நடந்தால் துணியிலும் பையிலும் ஒளிரும் பட்டை ஒட்டிக்கொள்ளுங்கள். நடைபாதை இருந்தால் அதில் செல்லுங்கள். இல்லாத இடத்தில் எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி வலது ஓரமாக நடங்கள்.

ஊன்றுகோல் வைத்துக்கொள்வதில் குறைச்சல் ஒன்றுமில்லை. வலிக்கும் காலுக்கு எதிர்க்கையில் பிடிக்க வேண்டும். வலது முழங்கால் வலித்தால் கோல் இடது கையில்.

செருப்புப் போடுகிறவர்கள் பழகிய செருப்பையே போடுங்கள். புதுச் செருப்பு வேண்டாம். சர்க்கரை வியாதிக்காரர்கள் வெறுங்காலோடு நடக்காதீர்கள். காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் கல் குத்தியதும் தெரியாது, தார்ச்சாலை சுட்டதும் தெரியாது.

தாகத்துக்கு ஏற்றபடி தண்ணீர் குடியுங்கள். வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடிப்பதும் தவறு. இரத்தத்தில் உப்பு குறைந்து மயக்கம் வரும். உப்புப் போட்ட மோர், கஞ்சி நல்லது.

மலையடி சேர்ந்தபின் 693 படிகள் காத்திருக்கின்றன. முழங்கால் ஏற்கெனவே களைத்திருக்கும். சரிவான யானைப்பாதை உண்டு. விஞ்சும் ரோப் காரும் உண்டு. படியில்தான் போவதானால் இதை நினைவில் வையுங்கள்: ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது வலிக்கும் கால் முன்னே. ஏறுவதைவிட இறங்குவதில்தான் பலருக்கு வலி அதிகம். ஆகவே இறங்கும்போது அவசரமே வேண்டாம்.

நீங்கள் கேட்கும் கேள்விகள்

"வீங்கின காலுக்கு எண்ணெய் போட்டு நீவலாமா?"

புது வீக்கத்துக்கு முதல் இரண்டு மூன்று நாள் நீவவும் வேண்டாம், சூட்டு ஒத்தடமும் வேண்டாம். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். ஐஸ் இல்லாவிட்டால் குளிர்ந்த ஈரத்துணி போதும். மீள்துணிக் கட்டு போட்டு, காலைத் தலையணைமேல் உயர்த்தி வையுங்கள். கட்டு இறுகிப் பாதம் மரத்தால் உடனே தளர்த்துங்கள்.

"வலி மாத்திரை போட்டுக்கிட்டு நடந்துட்டா என்ன?"

வலி என்பது வீட்டு நாய் குரைப்பது மாதிரி. நாயின் வாயைக் கட்டினால் திருடன் போய்விடுவானா? டைக்ளோபினாக் போன்ற மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்கலாம். வெயிலில் வியர்த்து நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்தையும் கெடுக்கலாம். இரத்த அழுத்தம், சிறுநீரக நோய், அல்சர் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. தகுதியில்லாதவர்களிடம் முழங்காலில் ஊசி போட்டுக்கொள்வது பேராபத்து.

"நடந்தா மூட்டு தேஞ்சு போயிடாதா?"

அளவாக நடந்தால் தேயாது, வலுப்படும். அளவு மீறுவதும் ஓய்வில்லாமல் நடப்பதுமே கெடுதல்.

"பாதி வழியில முடியாமப் போனா? நேர்த்திக்கடன் ஆச்சே!"

இது மனசாட்சியைப் பொறுத்தது. உடம்பைப் பற்றி மட்டும் நாங்கள் சொல்வோம். தை மாதம் வருஷா வருஷம் வரும். கிழிந்த தசைநார் அப்படித் திரும்பி வராது. மிச்ச தூரத்தைப் பஸ்ஸில் போகிறவரை யாரும் ஏளனம் செய்ய வேண்டாம். புறப்படும் முன்பே கணவனும் மனைவியும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்: "இந்த அறிகுறி வந்தால் நிறுத்திவிடுவோம்" என்று. வழியில் வைராக்கியம் பேசும். வீட்டில் இருக்கும்போதுதான் அறிவு பேசும்.

கணவன்மார்களுக்கு ஒரு வார்த்தை

பல வீடுகளில் அம்மாவின் முழங்கால் வலி கடைசிக் கவலையாக இருக்கிறது. குடம் தூக்குவதும், குனிந்து பெருக்குவதும், குத்துக்காலிட்டுப் பாத்திரம் தேய்ப்பதும் அவள் வேலை என்று விட்டுவிடுகிறோம். யாத்திரைக்கு முந்தின இரண்டு மாதமாவது குடத்தை நீங்கள் தூக்குங்கள். உட்கார்ந்து வேலை செய்ய ஒரு முக்காலி வாங்கிக் கொடுங்கள். மனைவிமார்களே, கணவர் வலியை மறைத்தால் நீங்களும் சும்மா இராதீர்கள். இரண்டு கால் சேர்ந்தால்தான் நடை. இரண்டு பேர் சேர்ந்தால்தான் குடும்பம்.

சந்தேகம் இருந்தால் உங்கள் கிராம சுகாதார செவிலியரையோ ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரையோ கேளுங்கள். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் சேர்ந்திருக்கிறது; அதைப் பற்றியும் விசாரியுங்கள்.

காலைக் காத்து நடப்போம்! போன காலோடு வீடு திரும்புவோம்!