பச்சை அடிக்கக் கூடாத மிலிட்டரி ஜீப்

(எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம்)

"பழைய மிலிட்டரி ஜீப் ஒண்ணு விலைக்கு வருது, வாங்கி ரெடி பண்ணலாமா?" இன்னைக்கு இந்த ஒரே கேள்விதான்.

கிண்டியில வேலை பார்க்கறவங்க தினமும் தொழிற்பேட்டையைத் தாண்டித்தான் ஆபீஸ் போவீங்க. 1958-ல வந்த இடம். கடையில கிடைக்காத ஒரு புஷ்ஷையோ பின்னையோ சாம்பிள் கொண்டுபோய்க் காட்டினா, லேத்துல கடைஞ்சு கொடுக்கற சின்னப் பட்டறைகள் அந்தப் பக்கம் இருக்கு. பழைய வண்டி வச்சிருக்கறவங்களுக்கு ஷோரூமைவிட இதுதான் முக்கியம். பழைய உதிரி பாகம் தேட புதுப்பேட்டை இருக்கவே இருக்கு.

சரி, முதல்ல உங்க முன்னாடி நிக்கறது என்ன வண்டின்னு பாருங்க. இரண்டாம் உலகப் போருக்காக 1941-லிருந்து 45 வரைக்கும் வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேல ஜீப் செஞ்சாங்க. யுத்தம் முடிஞ்சதும் மிஞ்சினது இந்தியாவுலயும் டிஸ்போசல்ல வித்துச்சு. 1940-கள் கடைசியில மஹிந்திரா இங்கயே ஜீப்பை அசெம்பிள் பண்ண ஆரம்பிச்சாங்க. அதனால "வேர்ல்டு வார் ஜீப்"னு சொல்லி விக்கறது பெரும்பாலும் பின்னாடி வந்த மஹிந்திராவா இருக்கும். அதுவும் நல்ல வண்டிதான், ஆனா விலை வேற.

போர்க்கால வண்டிக்கு ஸ்டியரிங் இடது பக்கம், முன் கிரில்லுல 9 பிளவு. பின்னாடி வந்த சிவிலியன் மாடலுக்கு 7. ரேடியேட்டருக்குக் கீழ குனிஞ்சு பாருங்க: சேஸிஸோட முன் குறுக்குச் சட்டம் உருளைக் குழாயா இருந்தா வில்லிஸ், கவுத்து வச்ச பெட்டி மாதிரி இருந்தா ஃபோர்டு. கிரில்லை மாத்தி ஏமாத்தலாம், இந்தச் சட்டத்தை மாத்தறது சுலபமில்ல.

வாங்கியாச்சுன்னா எல்லாரும் உடனே பெயிண்டுக்கு ஓடுவாங்க. நான் பிரேக்குக்கு ஓடச் சொல்வேன். இந்த ஜீப்புல நாலு சக்கரத்துக்கும் ஒரே ஹைட்ராலிக் லைன்தான். எங்க லீக் ஆனாலும் நாலு பிரேக்கும் சேர்ந்து போயிடும். பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்சற சாமான், நம்ம ஊர்ல ஈரத்துக்குப் பஞ்சமில்ல. ஓடாம நின்ன வண்டியில வீல் சிலிண்டர் உள்ளயே துரு ஏறி இறுகியிருக்கும். கத்திப்பாரா இறக்கத்துல இது தெரிய வரவே கூடாது. மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ் எல்லாத்தையும் கழட்டிப் பாருங்க, சந்தேகம் இருந்தா மாத்திடுங்க.

அடுத்தது பெட்ரோல். இப்போ பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அந்தக் கால ரப்பர் ஹோஸ், பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம் எதுவும் இதுக்காகச் செஞ்சதில்ல. மெதுவா இளகி, வெடிச்சு, கசிய ஆரம்பிக்கும். இதுல பயமுறுத்தற விஷயம், போர்க்கால ஜீப்புக்கு பெட்ரோல் டேங்க் டிரைவர் சீட்டுக்கு நேர் கீழ. கசிஞ்சா உங்களுக்கு அடியிலதான் கசியும். எத்தனால் தாங்கற ஹோஸா மாத்திடுங்க. மாசக்கணக்கா நிறுத்தறதா இருந்தா டேங்கைக் காலி பண்ணிடுங்க, எத்தனால் தண்ணியை இழுத்து டேங்கை உள்ளயிருந்து துரு ஏத்தும்.

இப்போ பெயிண்டுக்கு வருவோம். மத்திய மோட்டார் வாகன விதிகள்படி ஆலிவ் கிரீன் ராணுவ வண்டிகளுக்கு மட்டும்தான். ஆமா, பட்டாளத்துல பச்சையாவே வாழ்ந்த வண்டி உங்க கைக்கு வந்ததும் பச்சையா இருக்கக் கூடாது! அம்புக்குறி போட்ட ராணுவ நம்பர் பிளேட்டும் அதே கதைதான். எனக்கு இதுல வருத்தம் உண்டு, ஆனா ராணுவ வண்டின்னு நினைச்சு யாரும் ஏமாறக் கூடாதுங்கற காரணம் புரியுது. நல்லா வித்தியாசம் தெரியற நிறமா பார்த்து அடிங்க, ஆர்சியிலயும் அந்த நிறம் ஏறியிருக்கணும்.

டீசல் இன்ஜின் போடலாமான்னு நிறைய பேர் கேக்கறீங்க. மைலேஜ் ஏறும், உண்மை. ஆனா 2021-ல வந்த விண்டேஜ் பதிவு விதிகள்ல, 50 வருஷம் தாண்டின வண்டியோட சேஸிஸ், பாடி, இன்ஜின்ல பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும், பிளேட்டுல "விஏ" எழுத்து வரும். தினமும் ஆபீஸுக்கு ஓட்ட முடியாது. ராலி, கண்காட்சி, பெட்ரோல் போட, மெக்கானிக்கிட்ட போக, அவ்வளவுதான். தினமும் ஓட்டணும்னு ஆசையிருந்தா இந்தப் பதிவு உங்களுக்கு இல்ல. இதை இன்ஜினைக் கழட்டறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிடுங்க.

அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி சேஸிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் ஆர்சியோட நேர்ல ஒத்துப் பாருங்க. ஏலத்துல எடுத்த வண்டின்னு சொன்னா ஏலப் பேப்பரைக் கேளுங்க. "அதெல்லாம் அப்புறம் வாங்கித் தர்றேன் தம்பி"ன்னு சொன்னா, டீயைக் குடிச்சிட்டுக் கிளம்பிடுங்க.

அடுத்த எபிசோடுல ஜபல்பூர்ல செஞ்ச ஜோங்கா. ஆறு சிலிண்டர், கிட்டத்தட்ட 4 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். மைலேஜ் பத்தி அப்போ பேசிக்கலாம்.